ஏரிக்கரைத் துறைமுகம் – 7: ஆற்றுக்கு அக்கரையில் பேலியகொடை

கொழும்பைக் கடல் வளர்த்த நகரம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். இதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்வேன் என்பது இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். 1885 வரைக்கும் கொழும்பில் நம்பிக் கப்பலை நிறுத்தக்கூடிய துறைமுகம் இருக்கவில்லை. வைகாசியில் தென்மேல் பருவக்காற்று எழுந்தால் புரட்டாதி வரை கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு ஆடின. பெரிய கப்பல்கள் காலியைத்தான் விரும்பின. இப்படிப்பட்ட கடலை முன்னால் வைத்துக்கொண்டு போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் இந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டியது எதற்காக?

நகரத்தின் முதுகுப்புறத்தைப் பார்த்தால் விளங்கும். கோட்டைக்குப் பின்னால் ஓர் ஏரி. ஏரியிலிருந்து வடக்கே ஒரு வாய்க்கால். வாய்க்கால் போய் விழுவது களனி கங்கையில். ஆற்றுக்கு அப்பால் முத்துராஜவெலச் சதுப்பு, அதற்கும் அப்பால் நீர்கொழும்புக் களப்பு. வண்டிப்பாதை இல்லாத காலத்தில் கறுவாவும் பாக்கும் பிறகு கோப்பியும் இந்த நன்னீரிலும் உவர்நீரிலும் மிதந்துதான் கப்பலுக்குப் போயின. கொழும்பு வாழ்ந்தது தன் பின்வாசல் தண்ணீரால் என்பதே என் கட்சி.

சென்ற பகுதியில் பேர வாவிக் கரையில், கொம்பனித்தெருவில் நின்றோம். இந்த முறை வாய்க்காலைப் பிடித்து வடக்கே போய் ஆற்றைக் கடக்கிறோம். அக்கரையில் கால்படும் முதல் ஊர் பேலியகொடை. துறைமுக வரலாறு எழுதியவர்கள் இந்த ஊரைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். ஆனால் நகரத்துக்குத் தேவையான ஆனால் நகரத்துக்குள் வைத்திருக்க விருப்பமில்லாத எதுவும் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஆற்றின் இந்தக் கரைக்குத்தான்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். சிவனொளிபாதமலைத் தொடரில் பிறந்து சுமார் 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை, மலையை விட்டு இறங்கிய பிறகு சாய்வே இல்லாத தரையில் வளைந்து வளைந்து நடக்கிறது. ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீற்றர் நிலத்தில் பெய்யும் மழை முழுவதும் மட்டக்குளிக்கும் ஹெந்தளைக்கும் நடுவிலுள்ள அந்த ஒரே வாயால்தான் கடலுக்குள் போயாக வேண்டும். வறட்சியில் நிலைமை நேரெதிர்: கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவரும். நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளைக்கு உப்பு எட்டாமலிருக்கத் தடுப்பு வைக்க வேண்டிய அளவுக்கு ஏறும்.

தென்கரைக்கு மேடுகள் உண்டு. முகத்துவாரம், கொட்டாஞ்சேனையின் வுல்பெண்டால் மேடு, புதுக்கடை மேடு எல்லாம் செம்புறைக்கல் தரை. வெள்ளம் வந்தாலும் உச்சியில் இருப்பவன் வேடிக்கை பார்க்கலாம். வடகரைக்கு அந்த வசதி கிடையாது. பேலியகொடையும் வத்தளையின் கீழ்ப்பகுதிகளும் ஆறும் சதுப்பும் சேர்ந்து தந்த தாழ்நிலம். இந்த உயர வித்தியாசம் சில அடிகள்தான். ஆனால் இரண்டு கரைகளின் தலைவிதியையும் பிரித்தது அதுதான்.

1344இல் இபுன் பதூதா வந்தபோது கொழும்பு ஏற்கெனவே பெயர் பெற்ற ஊர். தீவின் அழகிய, பெரிய நகரங்களில் ஒன்று என்று எழுதியிருக்கிறார். கடலுக்கு அதிபதியாக ஜாலஸ்தி என்றொருவன் அங்கே இருந்தானாம், அவனோடு ஏறக்குறைய 500 அபிசீனியர்கள். அதே பயணத்தில் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து அவருடைய விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார். யாழ்ப்பாண அரசின் கை அந்நாளில் மேற்குக் கரையோரமாக எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பதற்கு அந்தச் சந்திப்பே சாட்சி.

அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தக் கை இன்னும் தெற்கே வந்தது. சிலாபம், நீர்கொழும்பு, வத்தளை, கொழும்பு ஆகிய நான்கு இடங்களில் ஆரியச்சக்கரவர்த்தியின் பாளையங்கள் இருந்தன என்று சிங்கள வரலாற்று மரபு சொல்கிறது. இந்த நான்கு பெயர்களையும் நம்மவர் பெருமையோடு எடுத்துச் சொல்வதுண்டு. அவை ஏன் அந்த நான்கு என்று கேட்டவர் குறைவு. வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். நான்குமே ஆற்றுவாய் அல்லது களப்புவாய். உள்நாட்டுச் சரக்கு நீர்வழியில் வந்து கடலைத் தொடும் இடங்கள். யாழ்ப்பாணத்து அரசன் நிலத்தைப் பிடிக்க வரவில்லை. கறுவா வெளியேறும் கதவுகளில் காவல் போட்டான். வத்தளை அந்தக் கதவுகளில் ஒன்று. இன்றைய பேலியகொடை அதன் படலையடி.

அந்தக் காவலை உடைத்தவன் நிசங்க அழகக்கோன். அவன் குடும்பமே தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகக் குடும்பம். எனவே இதைச் சிங்களவர் தமிழர் சண்டையாக எழுதுவது சரிப்படாது. இரண்டு வணிக வல்லமைகள் ஒரே நீர்வழிக்காக மோதின என்றால் உண்மைக்குக் கிட்ட வரும். கொழும்புக்குக் கிழக்கே தியவன்னாச் சதுப்புக்கு நடுவில் அவன் கட்டிய கோட்டையே பிறகு கோட்டை இராச்சியத்தின் தலைநகரானது. தண்ணீரைச் சுவராக்கிக்கொள்ளும் வித்தையை இந்த நிலம் போர்த்துக்கேயருக்கு முன்பே அறிந்திருந்தது.

போர்த்துக்கேயர் 1505இல் கரையொதுங்கி, 1518இல் கோட்டை கட்டினார்கள். ஏரி அவர்கள் செய்தது. தாழ்நிலத்தின் வழியாக ஓடிய சிற்றாற்றை மறித்து நீரைத் தேக்கி, நகரத்தின் நிலப்பக்கத்தை அகழியாக்கினார்கள். மலைநாட்டுப் படை எந்த வழியால் வந்தாலும் கடைசியில் ஒரு நீர்ப்பரப்பின் முன் நிற்க வேண்டியதுதான். இந்த ஏரியின் மதிப்பை எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவன் அதற்கு எதிரே நின்றவன். சீதாவாக்கை இராஜசிங்கன் 1587இல் கொழும்பை முற்றுகையிட்டபோது மதிலை இடிக்கும் முன் ஏரியை வடிக்க முனைந்தான். ஆயிரக்கணக்கானோரை மண்வெட்டியோடு இறக்கி வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றினான். ஏரி வற்றியது. ஆனாலும் நகரம் விழவில்லை. கடல் வழியாகக் கோவாவிலிருந்து உதவி வந்துகொண்டிருந்தது. 1588 தொடக்கத்தில் முற்றுகை கலைந்தது. நீர்ப்பொறியியல் தெரிந்த ஒரு நாட்டின் அரசன் தன் எதிரியின் ஏரியை வடிப்பதற்கு அந்த அறிவைச் செலவிட்ட விசித்திரத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஒல்லாந்தருக்கு அந்தத் தண்ணீர் வேறு மாதிரிப் பட்டது. ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு, பசியாலும் நோயாலும் பாதி செத்துப்போயிருந்த கொழும்பு 1656 மே 12ஆம் திகதி அவர்கள் கையில் விழுந்தது. முற்றுகையை நடத்திய தளபதி ஹுல்ஃப்ட் ஒரு மாதம் முன்பே, ஏப்ரலில், சுடப்பட்டு இறந்திருந்தான். புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அவனுடையது. ஊரைப் பிடித்த கையோடு அவர்கள் சிந்தித்தது கணக்கர்களைப் போல. தங்கள் நாட்டில் வாய்க்காலைத் தெருவாகப் பயன்படுத்திப் பழகியவர்கள். கொழும்பின் பின்புற நீரைப் பார்த்ததும் அவர்களுக்கு அது பாதுகாப்புக்கு மேலாகப் போக்குவரத்தாகத் தெரிந்தது. ஏரியையும் களனி கங்கையையும் சென் செபஸ்தியன் வாய்க்கால் இணைத்தது. ஆற்றின் வடகரையிலிருந்து முத்துராஜவெலவைக் கீறிக்கொண்டு நீர்கொழும்புக்கும் அங்கிருந்து சிலாபம், புத்தளம் வரைக்கும் வாய்க்கால்கள் நீண்டன. புத்தளத்தில் உப்பை ஏற்றிய படகு கடலின் முகத்தைப் பாராமலே கொழும்புக்குள் நுழையலாம் என்றானது.

இந்த நீர்வழியில் ஓடிய பாரப் படகுகளைப் படங்களில் பார்க்கலாம். அகன்ற அடி, மேலே கிடுகு வேய்ந்த கூரை, முன்னும் பின்னும் நீண்ட கம்போடு ஆட்கள். ஆழம் இருக்கும் இடத்தில் துடுப்பு, இல்லாத இடத்தில் கம்பூன்றல், அதுவும் முடியாவிட்டால் கரையில் இறங்கிக் கயிற்றால் இழுப்பு. படகுக்குள்ளேயே சமையல், படுக்கை. கறுவா, பாக்கு, கொப்பரா, உப்பு, கருவாடு, ஓடு, செங்கல் எல்லாம் இதில் வரும். புயலுக்குப் பயமில்லை, கடற்கொள்ளைக்கும் பயமில்லை. மெதுவாக வரும் என்பதுதான் ஒரே குறை. அந்தக் காலத்தில் மெதுவாக வராத சரக்கு எது?

ஆனால் இந்த வாய்க்கால்களுக்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தது வடகரை. முத்துராஜவெலவில் முன்னர் நெல் விளைந்ததாக மரபு. வாய்க்கால் வெட்டியதும் வற்றுப்பெருக்கோடு உப்புநீர் உள்ளே ஏறியது. வயல்கள் கெட்டன. பிரித்தானியர் வந்ததும் இதைச் சீர்செய்யவென்று 1802க்கும் 1804க்கும் இடையில் இன்னொரு வாய்க்கால் வெட்டினார்கள். வருவாய் அதிகாரியாக இருந்த கவின் ஹமில்டனின் பெயரால் அது இன்றும் ஹமில்டன் கால்வாய். நீளம் 14.5 கிலோமீற்றர். உப்பை வடிக்க வெட்டியது படகு விடத்தான் பயன்பட்டது, வயல்கள் திரும்பவில்லை. 3,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட அந்தச் சதுப்பில் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாகியது. பறவைகளுக்கு நல்லதுதான். உழவன் தோற்ற இடத்தில் கொக்கு வென்றிருக்கிறது.

வடகரைக்கு நகரம் அனுப்பிய முதற் பொருள் நோயாளிகள். 1708இல் ஒல்லாந்தர் ஆற்றுவாய்க்கு அருகே ஹெந்தளையில் தொழுநோய் வைத்தியசாலையை அமைத்தார்கள். இடத்தேர்வில் ஒரு தெளிவான கணக்கு இருந்தது: நகரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் தூரம், நடுவில் அகன்ற ஆறு. ஏறத்தாழ அதே கணக்குத்தான் பேர வாவியிலும். ஒல்லாந்தர் கொண்டுவந்த ஆபிரிக்க, ஆசிய அடிமைகளை இரவில் ஏரித் தீவில் அடைத்தார்கள். சுற்றியிருந்த நீரில் முதலைகள். வேலைக்கு வேண்டும், பக்கத்தில் வேண்டாம் என்பவர்களைத் தண்ணீருக்கு அப்பால் வைக்கும் பழக்கம் இந்த நகரத்தில் பழையது.

1796 பெப்ரவரியில் கொழும்பு பிரித்தானியர் கைக்கு மாறியது. 1815இல் கண்டி வீழ்ந்தது. அதன் பிறகு களனி கங்கைக் கடவை தீவின் மிக முக்கியமான நாலைந்து நூறு அடிகளாகிவிட்டது. கண்டிப் பாதை கொழும்பை விட்டுப் புறப்படும் இடம் கிராண்ட்பாஸ். ஆற்றைத் தாண்டியதும் பேலியகொடை. அதுவரை தோணியில் கடந்த ஆற்றின் மீது 1820களில் எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியின் காலத்தில் படகுப் பாலம் போட்டார்கள். படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு, மேலே பலகை பரப்பிய பாலம். ஆறு ஏறினால் பாலமும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆற்றில் வரும் படகுக்கு வழிவிட வேண்டுமானால் நடுப்பகுதியைக் கழற்ற வேண்டும். அப்போது இரு கரையிலும் வண்டிகள் நிற்கும்.

வண்டி நிற்கும் இடத்தில் பணம் நிற்கும். கடவைச் சுங்கத்தை அரசாங்கம் ஆண்டுதோறும் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. கிராண்ட்பாஸ் கடவைக் குத்தகை தீவிலேயே வருமானம் கூடியவற்றுள் ஒன்று. சாராயக் குத்தகையோடு இந்தப் பாலச் சுங்கக் குத்தகையும் சேர்ந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரையோரச் சிங்களப் பணக்காரக் குடும்பங்கள் பலவற்றை உருவாக்கின. மலையில் கோப்பி நட்டவன் ஆங்கிலேயன், நட்டுப் பறித்தவன் இந்தியத் தமிழன். அந்தக் கோப்பி மூட்டை ஆற்றைக் கடக்கும்போது அதில் கைவைத்தவன் குத்தகைக்காரன். நமது வர்க்க வரலாற்றில் மலைத்தோட்டத்துக்கு எவ்வளவு பக்கம் ஒதுக்குகிறோமோ அதில் கால்வாசியாவது இந்தப் பாலத்தடிக்கும் ஒதுக்க வேண்டும்.

எல்லா மூட்டையும் வண்டியில் வந்ததில்லை. யட்டியாந்தோட்டை, ருவன்வெல்லைப் பக்கத்துச் சரக்கு ஆற்றிலேயே இறங்கிவந்தது. மேலே இருந்து கீழே வருவதற்கு நீரோட்டமே கூலியில்லா வேலையாள். மேலே திரும்பும்போது அரிசியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கம்பூன்றி ஏற வேண்டும். அதுதான் உயிர்போகும் வேலை.

புகையிரதம் இதையெல்லாம் அசைத்தது. 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் ஓட்டம், 1867இல் கண்டி. தண்டவாளம் ஆற்றைக் கடந்தது பேலியகொடையில் அல்ல, கிழக்கே தெமட்டகொடையிலிருந்து களனிக்கு. கோப்பி மூட்டைகள் படகுப் பாலத்தை மறந்தன. 1895இல் படகுகளை அகற்றிவிட்டு விக்டோரியா பாலத்தை இரும்பில் கட்டியபோது பாலத்தடி வண்டித் தெருவாகிவிட்டிருந்தது, துறை என்ற பழைய அந்தஸ்து போய்விட்டிருந்தது.

நடுவில் ஒரு சிறிய விலகல். பேலியகொடையை வெறும் துறையாகவும் களஞ்சியமாகவும் நினைத்துக்கொண்டு போனால் அந்த ஊருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். 1875இல் இரத்மலானை ஸ்ரீ தர்மாலோக தேரர் இங்கே வித்யாலங்கார பிரிவெனாவைத் தொடங்கினார். மருதானையில் வித்யோதய பிரிவெனா தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. இங்கே வந்து பாளி படித்தும் சமஸ்கிருதம் படிப்பித்தும் சென்றவர்களில் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ என்ற நூலால் தமிழ் வாசகர் அனைவருக்கும் தெரிந்த ராகுல் சாங்கிருத்தியாயன் ஒருவர். 1920களின் கடைசியில் அவர் இங்கே இருந்தார். இந்திக் கவி நாகார்ஜுன் பௌத்தத் துறவு பூண்டதும் இந்தப் பிரிவெனாவில்தான். 1959இல் பிரிவெனா பல்கலைக்கழகமாகி, இன்றைய களனிப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. படகுக்காரர்களின் கரையில் வட இந்தியப் பண்டிதர்கள் குடையோடு நடந்துபோன காட்சியை எந்தச் சிறுகதைக்காரரும் இன்னும் எழுதவில்லை என்பது எனக்குச் சிறு மனக்குறை.

அதே 1875இன் டிசம்பர் 8ஆம் திகதிதான் வேல்ஸ் இளவரசர் கொழும்பில் தென்மேல் அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்தார். சூயஸ் வாய்க்கால் திறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிழக்கே போகும் நீராவிக் கப்பல் நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் நிற்க ஓர் இடம் வேண்டும். பொறியியலாளர் ஜோன் கூட். 4,200 அடிக்கும் மேல் நீளமான அந்தச் சுவர் 1885இல் முடிந்தது. காலியின் கதை அத்தோடு முடிந்தது. இதில் நம் கதைக்கு வேண்டிய செய்தி கல் எங்கிருந்து வந்தது என்பது. ஆற்றுக்கு வடக்கே மஹரவில் கற்சுரங்கம் வெட்டி, சிறைக்கைதிகளைக் கொண்டு உடைத்து, புகையிரதத்தில் ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்தார்கள். மஹரச் சிறைச்சாலை அந்தக் கற்குழியோடு பிறந்தது. கடலை அடக்கிய சுவருக்கும் மூலப்பொருள் அக்கரையிலிருந்துதான்.

கடல் அடங்கியதும் ஏரிக்கு வேலை கூடியது. கோப்பியை நோய் தின்று தீர்த்திருந்தது, தேயிலை வந்திருந்தது. கப்பல்கள் துறைமுகத்துக்குள் நின்றாலும் கரையை ஒட்டி நிற்கவில்லை. லைட்டர்கள் எனப்படும் பாரத்தோணிகளில் சரக்கைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். ஏரியைச் சுற்றிக் களஞ்சியங்கள் எழுந்தன. 1907 முதல் 1913 வரை தேசாதிபதியாக இருந்த ஹென்றி மக்கலத்தின் காலத்து ஏரித் திட்டத்தால் ஏரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நீர்ப்பூட்டு அமைந்தது. ஏரி நீர்மட்டம் கடலைவிட உயரம். தோணி உள்ளே நுழைந்ததும் கதவை மூடி, நீரை வடித்து, கடல் மட்டத்துக்கு இறக்கி, மறுகதவைத் திறப்பார்கள். இப்போது கொம்பனித்தெருவில் தேயிலைப் பெட்டி ஏற்றிய தோணி நேரே கப்பலின் விலாவில் போய் நிற்கலாம்.

அந்தப் பெட்டிகளைத் தூக்கியவர்களில் பெரும்பகுதி தமிழரும் மலையாளிகளும். தூத்துக்குடிக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஆமர் வீதி, கிராண்ட்பாஸ் சந்துகளில் குடியிருந்தார்கள். 1906இல் வ.உ.சிதம்பரம்பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் ஓடியதும் தூத்துக்குடியிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குத்தான். செட்டியார் தெருவில் வட்டிக்கடை, அடகுக்கடை. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலை இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார்.

பத்திரிகைகள் வந்த இடங்களைக் கவனியுங்கள். 1930இல் சுப்பிரமணியம் செட்டியாரின் வீரகேசரி. அது நிலைகொண்டது கிராண்ட்பாஸ் வீதியில், பழைய கடவைக்குப் போகும் பாதையில். 1932இல் தினகரன், அது ஏரிக்கரையில், மக்கலம் வீதியில். இன்றைக்கும் எழுத்தாளர்கள் ‘ஏரிக்கரையில் இருந்து கதை கேட்டிருக்கிறார்கள்’ என்று சொன்னால் அது எந்தப் பத்திரிகை என்று யாரும் கேட்பதில்லை. ஈழத்துத் தமிழ் இலக்கியத்தின் இரண்டு பெரிய அச்சுக்கூடங்கள் ஒரே நீர்வழியின் இரு முனைகளில் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தாள் கப்பலில் வந்தது, வாசகன் துறைமுகத்தில் வேலை செய்தான், இரண்டையும் சேர்க்கும் தெரு அந்த நீரோரமாகத்தான் போனது.

லொறி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வாய்க்கால்கள் சரக்கை இழந்தன. பிறகு கப்பல்கள் கரையோடு அணைந்து நிற்கும் துறைகள் கட்டப்பட்டதும் லைட்டர்களும் போயின. கடைசியாகக் கொள்கலன் வந்து மூட்டை தூக்கும் தோளையும் தேவையற்றதாக்கியது. வேலையில்லாத ஏரியை நகரம் தின்னத் தொடங்கியது. ஒரு காலத்தில் 165 ஹெக்டேயராக இருந்த பேர வாவி இப்போது 65 ஹெக்டேயர். மீதி நூறு ஹெக்டேயரில் தெருக்களும் கட்டடங்களும் நிற்கின்றன. சென் செபஸ்தியன் வாய்க்காலில் படகு ஓடியதென்று கரையோரப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் கண்டது கழிவுநீரை.

ஆனால் ஆறு தன் வேலையை மறக்கவில்லை. 1947 ஓகஸ்ட் வெள்ளம் இந்தத் தலைமுறைக்கு முந்தியவர்களின் நினைவில் அளவுகோல். 1989, 2016, கடைசியாக 2025 நவம்பரில் தித்வா புயலின்போது என்று அது திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் வானொலி சொல்லும் முதல் எண் நாகலகம் வீதி நீர்மட்டம். பழைய கடவைக்கு அருகே தென்கரையில் இருக்கும் அந்த அளவுமானியை நீர்ப்பாசனத் திணைக்களம் இன்னும் அடிக்கணக்கில்தான் வாசிக்கிறது. நகரத்தைக் காக்க ஆற்றோரம் கரைமேடு போட்டார்கள். அணைத்த பக்கம் போக முடியாத வெள்ளம் அணைக்கு வெளியே இருக்கிற பக்கம்தான் போகும். கொலன்னாவை, களனி, பியகமப் பக்கத்துத் தாழ்நில மக்களுக்கு இந்தக் கணக்கை யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

புதிய நூற்றாண்டில் நகரம் தன் சந்தைகளை ஆற்றுக்கு அப்பால் அனுப்பத் தொடங்கியது. புறக்கோட்டை சென் ஜோன்ஸ் மீன் சந்தை 2011இல் பேலியகொடைக்கு வந்தது. நீர்கொழும்பு, சிலாபம், கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று தீவைச் சுற்றிலுமிருந்து ஐஸ் போட்ட லொறிகள் நடுச்சாமத்துக்குப் பிறகு இங்கே கூடுகின்றன. விடியுமுன் ஏலம் முடிந்துவிடும். மீனைத் தொடர்ந்து பாதை வந்தது. 2013 ஒக்டோபரில் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை பேலியகொடையில் தொடங்கி, முத்துராஜவெலச் சதுப்பின் மேலாக 25.8 கிலோமீற்றர் ஓடுகிறது. ஒல்லாந்தர் படகு விட்ட அதே தடம், ஏறத்தாழ. 2020 நவம்பரில் மரக்கறி, பழ மொத்த வியாபாரத்தின் மெனிங் சந்தையும் புறக்கோட்டையிலிருந்து இங்கே மாறியது. அடுத்த ஆண்டே பழைய கடவைக்குப் பக்கத்தில் வடங்களில் தொங்கும் புதிய பாலம் வந்தது. அதற்குக் கல்யாணிப் பொன் நுழைவு என்று பெயர்.

மெனிங் சந்தை மாறியதில் நட்டப்பட்டவர்கள் சிலர். புறக்கோட்டையில் நாட்டாமைகளாக மூட்டை தூக்கியவர்கள் ஆமர் வீதியிலிருந்தும் ஜிந்துப்பிட்டியிலிருந்தும் நடந்து வேலைக்குப் போனவர்கள். ஆற்றைத் தாண்டினால் பேருந்துக் காசு. அதுவும் நள்ளிரவில் பேருந்து ஏது? மாலையில் மிஞ்சிய மரக்கறியை மலிவாக வாங்கிக் கொட்டாஞ்சேனைப் படிக்கட்டுகளில் விற்ற பெண்களுக்கும் அதே கதை. திட்டமிட்டவர்கள் லொறிக்கு இடம் பார்த்தார்கள், அது நியாயம். புறக்கோட்டையின் நெரிசலில் அந்தச் சந்தைகள் இனி இருந்திருக்க முடியாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். காலால் நடந்து பிழைத்தவர்களின் தூரத்தை யாராவது அளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இடையில், 2020 ஒக்டோபர் 21ஆம் திகதி, பேலியகொடை என்ற பெயர் உலகச் செய்திகளுக்குப் போனது. மீன் சந்தையில் கொவிட் தொற்று, சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து மீன் ஏற்றிப்போன லொறிகள் தீவின் எல்லாப் பக்கமும் போயிருந்தபடியால் தொற்றும் அந்தப் பாதைகளிலேயே போயிருந்தது. பேலியகொடைக் கொத்தணி என்ற சொல் நாளாந்த வழக்கானது. மக்கள் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் படகுகள் கரையேறிக் கிடந்தன. மீனால் ஒன்றும் வராது என்று காட்ட முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் ஒருவர் செய்தியாளர்கள் முன்னால் ஒரு பச்சை மீனைக் கடித்துத் தின்றார். படம் உலகம் முழுக்கப் போனது, மீன் விலை மட்டும் அசையவில்லை. ஆற்றங்கரையின் ஒரு தாழ்நிலச் சந்தையில் கதவைச் சாத்தினால் தீவின் கரையோரம் முழுவதும் வருமானம் நின்றுவிடும் என்ற நிலை பதினான்காம் நூற்றாண்டில் வத்தளையில் பாளையம் போட்டவனுக்கு ஒன்றும் புதிதாக இருந்திராது.

அடுத்த பகுதியில் ஹமில்டன் கால்வாய் வழியே முத்துராஜவெலவைத் தாண்டி நீர்கொழும்புக் களப்புக்குப் போகிறோம். அங்கே தமிழைத் தேவாலயத்திலும் வலையிலும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அதை இழந்த மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. அவர்களைப் பற்றி எழுத ஒரு பகுதி போதாது.